'ரெகுலர் ரேட்': தமிழில் என்ன போடலாம்?

மா.:
அமெரிக்க ஓவர்டைம் துண்டறிக்கை வியாழன் அச்சுக்குப் போகிறது. 'ரெகுலர் ரேட்' மட்டும் பாக்கி. 'வழக்கமான வீதம்' என்றால், பேசிய மணிக்கூலி என்றே படிப்பார்கள். அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுக் கூலி, வேலைநேரச் சட்டத்தில் அது வேறு. மணிக்கு 20 டாலர். அந்த வாரம் 50 மணி வேலை. இத்தனை செய்தால் இவ்வளவு என்று முன்பே சொல்லிவைத்த போனஸ் 100. மொத்தம் 1,100. ஐம்பதால் வகுத்தால் 22. இதுதான் ரெகுலர் ரேட். வாரத்தில் 40 மணி தாண்டினால் இதில் ஒன்றரை மடங்கு தர வேண்டும். அதில் ஒரு மடங்கு ஏற்கெனவே 1,100இல் அடங்கிவிட்டதால், 40க்கு மேற்பட்ட 10 மணிக்குப் பாதி மட்டும், அதாவது 11 வீதம் 110 சேரும். ஆக 1,210. 20ஐ ஒன்றரையால் பெருக்குபவர் போனஸோடு 1,200தான் தருவார். பத்து டாலர் போச்சு.

கு.:
வகுத்து வருவதுதானே? 'மணிச்சராசரி'. ஒற்று மிகும்.

செ.:
ஒற்று மிகட்டும், சொல் தமிழா? சராசரி பாரசீகம். 'சரிக்குச் சரி' என்று பிரித்துக் காட்டாதீர்கள். என் பரிந்துரை 'ஈட்டுவீதம்': ஈட்டு, ஈட்டம். குறளில் 'ஊதியம்' ஆதாயம்தான், கூலியன்று. 'சம்பளம்' இருக்கிறதே, சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்த சொல் என்று சிலர் சொல்வார்கள்...

மா.:
ஐயா, உப்பளத்திலிருந்து கொஞ்சம் வெளியே வாருங்கள். 'ஈட்டு' என்றதும் வங்கிக்காரருக்கு ஈட்டுக்கடன்தான் நினைவுக்கு வரும்.

கு.:
என் சொல்லை நானே வாபஸ் வாங்குகிறேன். ஒரு வாரம் 50 மணி, மறுவாரம் 30. 'சராசரி 40, ஓவர்டைம் கிடையாது' என்று கைவிரிக்கும் முதலாளிக்கு அது வசதியாகிவிடும். சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாலும், சட்டம் வாரத்தைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. முதல் வாரத்துப் 10 மணிக்கு ஓவர்டைம் உண்டு. ஆகவே 'வார மணிவீதம்'.

மா.:
கலிபோர்னியாவில் நாளுக்கு 8 மணி தாண்டினாலே ஒன்றரை, 12 தாண்டினால் இரட்டை. அங்கே 'வார' குழப்பாதா?

கு.:
அங்கும் வீதத்தை வாரத்துக்குத்தான் கணக்கிடுகிறார்கள். ஓவர்டைம் மணிகளை எண்ணுவதுதான் நாள்வாரியாகவும். சிலவகைப் போனஸுக்கு வகுத்தல் அங்கே வேறு மாதிரி. அதைத் தனி அறிக்கையாகப் போடுங்கள்.

மா.:
சரி. 'வார மணிவீதம் (போனஸ் சேர்த்து)' என்று போடுகிறேன். முதலாளி மனமுவந்து தரும் பண்டிகைப் பரிசு இதில் சேராது என்று கீழே ஒரு வரி. தலைப்பில் 'ஓவர்டைம்' அப்படியே இருக்கும், 'மிகைநேரம்' இல்லை. மூன்று பேர் சரி என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள்.

செ.:
அடைப்புக்குறி போட்டால்தான் புரியும் என்றால் அது கலைச்சொல்லா, உரையா? அச்சுக்குப் போகட்டும். அடுத்த பதிப்புக்கு 'ஈட்டுவீதம்' பட்டியலில் இருக்கட்டும். சம்பளம் பற்றித் தனி இழையில்.