மாப் ஒன்று குறைந்த அன்று: ஆபரேஷன் தியேட்டர் அனுபவங்கள்

தியேட்டர் நர்ஸ், மதுரை:
வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். குடல் ஆபரேஷன், நாலு மணி நேரம் ஓடிவிட்டது. வயிற்றை மூடுமுன் மாப், அதாவது உள்ளே ரத்தம் ஒற்ற வைக்கும் நாடா தைத்த துணி, எண்ண வேண்டும். ஐந்தைந்தாக நாலு கட்டு பிரித்துக் கொடுத்திருந்தேன். கீழே விரித்த துணியில் வரிசையாகப் போட்டு எண்ணினால் 19. மறுபடி எண்ணினேன், அதே 19. சர்ஜன் தையல் நூல் கேட்டார். உறையைப் பிரித்து நீட்டினேன். "ஒண்ணு குறையுது சார்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. மயக்க டாக்டர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கவுன்ட் எத்தனை?" என்றார். தேடினார்கள். ரத்தத்தில் ஊறி, குடல் நிறத்திலேயே ஒட்டிக் கிடந்தது. நாடா நுனி தட்டுப்பட்ட பிறகுதான் மாப் என்றே தெரிந்தது. அந்த நோயாளிக்கு என் அம்மா வயசு. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

சர்ஜன், திருச்சி:
சிஸ்டர், நான் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவன். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த, ஆபரேஷன் பாதுகாப்புக்கான 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்குமுன் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும் என்று ஒன்று உண்டு. தினமும் பார்க்கிற முகங்கள்தானே என்று நான் அதைத் தவிர்த்து வந்தேன். புது டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாகப் படித்த பிறகுதான் ஆரம்பித்தேன். சில மாதங்களில் ஒரு குடலிறக்க கேஸ். காகிதத்தில் வலது பக்கம். வார்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த டெக்னீஷியன் தன் பெயரைச் சொன்ன கையோடு, "சார், வர்ற வழியில அவரு இடது பக்கம்தான் வலின்னாரு" என்றார். நோயாளிக்கு இன்னும் மயக்கம் கொடுக்கவில்லை. கேட்டோம். இடதுதான்.

அனஸ்தீசியா டெக்னீஷியன், கோவை:
படிக்கும்போதே பொறாமையாக இருக்கிறது டாக்டர். நான் முன்பு இருந்த இடத்தில் கேஸ் முடிந்து டீ குடிக்கும்போதுதான் 19 டிக்கும் விழும், ஒரே பேனாவில். கேட்டால், "உன் வேலையைப் பாரு." நர்ஸ் அக்கா, இப்போது எண்ணிக்கை இடித்தால் என்ன செய்கிறீர்கள்?

தியேட்டர் நர்ஸ், மதுரை:
தம்பி, தையல் நூல் உறையைப் பிரிப்பதில்லை. பலகையில் 20, 19 என்று பெரிதாக எழுதி, சத்தமாகச் சொல்கிறேன். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே, மாப்பில் அதற்கென்றே ஓர் இழை ஓடுகிறது. புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே கற்றுக்கொடுப்பது இதைத்தான்.