புதுப்பிப்பு: ஆழ்துயிலுக்குப் போகாத செயலி

பினாங்கு பாயான் லெப்பாசில் நாங்கள் சோதிக்கும் மின்னணுப் பலகையின் செயலி (பிராசசர்), வேலையே இல்லாதபோதும் ஆழ்துயில் நிலைக்குப் போகாமல் சூடாகவே இருக்கிறது என்றும், எந்தத் துயில் நிலைக்குப் போகலாம் என்று தீர்மானிக்கும் லினக்ஸின் மெனு கவர்னரின் மீதுதான் எனக்குச் சந்தேகம் என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்தச் சந்தேகம் தவறு. கவர்னர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

எங்கள் குழுவிலுள்ள தம்பி எழுதிய டிரைவரை வரிவரியாக மறுபடியும் படித்தபோதுதான், மூன்றாவது துயில் நிலையின் டார்கெட் ரெசிடென்சி (அந்த நிலைக்குப் போவதால் மின்சாரம் மிச்சமாகத் தேவையான குறைந்தபட்ச ஓய்வு நேரம்) 600000 என்று இருந்தது கண்ணில் பட்டது. லினக்ஸில் துயில் நிலைகளைக் கவனிக்கும் சிபியு ஐடில் பகுதியின் அட்டவணையில் அந்த மதிப்பை மைக்ரோவினாடியில் தர வேண்டும். சிப்பின் கையேடோ நானோவினாடியில் தந்திருந்தது. ஆகவே 0.6 மில்லிவினாடி ஓய்வு கிடைத்தாலே மின்சாரம் மிச்சமாகும் ஒரு நிலைக்கு 0.6 வினாடி ஓய்வு தேவை என்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எடுத்துக்கொண்டது. குறுக்கீடுகள் ஓயாமல் வரும் பலகையில் அவ்வளவு நீண்ட ஓய்வைக் கவர்னர் எப்படி எதிர்பார்க்கும்? தம்பியை மட்டும் குறை சொல்வதற்கில்லை: செயலியின் வேகத்தைக் கவனிக்கும் சிபியு ஃப்ரீக் பகுதியில் டிரான்சிஷன் லேட்டன்சி (வேகம் மாற ஆகும் நேரம்) நானோவினாடியில்தான் கேட்கப்படுகிறது.

மூன்று சுழியங்களை நீக்கிய பிறகு, அதுவரை 0 என்றே நின்றிருந்த அந்த நிலையின் யூசேஜ் எண் (செயலி எத்தனை முறை அதற்குப் போனது என்ற கணக்கு), நான் தே தாரிக் வாங்கி வருவதற்குள் ஆயிரங்களைத் தாண்டியிருந்தது.

ஆனாலும் தம்பியின் பேட்சை (நிரல் மாற்றத்தை) இன்னும் ஏற்கவில்லை. வேலைகளுக்குச் செயலியைப் பங்கிடும் ஷெட்யூலரின் உள்ளிருந்தே அழைக்கப்படும், செயலியின் வேகத்தை மாற்றும் ஃபாஸ்ட் ஸ்விட்ச் ஃபங்ஷனில், காத்திருந்து தூங்கக்கூடிய மியூடெக்ஸ் பூட்டு ஒன்று இருக்கிறது. அங்கே தூங்கக் கூடாது என்பதால் அதை மாற்றித் தரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.