கோல்டு ரீஃப் சிட்டி: பழைய ரைடுகளிலும் காட்சிகளிலும் எது மாறியது, ஏன் மாறியது?

சாட்ஸ்வர்த்_செல்வி கேட்டது:

வணக்கம். எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஜோஹன்னஸ்பர்க் கூட்டிப்போக ஏற்பாடு நடக்கிறது. டர்பனிலிருந்து என்3 சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். ஒரு முழுநாள், பழைய தங்கச் சுரங்கத்தின் மேல் அமைந்த கேளிக்கைப் பூங்காவான கோல்டு ரீஃப் சிட்டிக்கு. பிள்ளைகளின் வயது 10 முதல் 16 வரை.

பெற்றோர் சொல்வது ஒன்று, இணையத்தில் கிடைப்பது வேறொன்று. சுரங்கத்தில் 220 மீட்டர் இறங்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள்; 75 மீட்டர்தான் என்று இப்போது போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். ரைடுகளிலும் அப்படித்தான், ஆளுக்கொரு பட்டியல்.

ஒரு ரைடு ஏன் வருகிறது, ஏன் போகிறது, ஏன் பாதி நாள் நின்றுகிடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுக்க விரும்புகிறோம். ஜூலை விடுமுறையா, டிசம்பரா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லெனேசியா_மெக்கானிக் பதில்:

செல்வி அக்கா, மக்களுக்குச் சலித்துப்போவதால்தான் ரைடுகளை எடுத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய காரணம் உதிரிபாகம். செய்த கம்பெனி மூடிவிட்டால் அந்த ரைடின் ஆயுள் பராமரிப்பு ஆட்களின் கையில்தான். கோல்டு ரீஃப் சிட்டியின் மூன்று பெரிய ரோலர் கோஸ்டர்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும்.

முதலில் கோல்டன் லூப். இது அமெரிக்காவில் கேரோவிண்ட்ஸ் பூங்காவில் 1977 முதல் 1988 வரை 'வைட் லைட்னிங்' என்ற பெயரில் ஓடியது. அப்புறம்தான் கழற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். வடிவமைத்தவர் ஜெர்மனியின் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப். அவருடைய நிறுவனம் 1980களிலேயே நொடித்துப்போனது. மற்ற கோஸ்டர்களைப் போல இதில் வண்டியை மேலே இழுத்துச்செல்லும் சங்கிலி கிடையாது. வண்டிக்குப் பின்னால் கம்பிவடத்தோடு இணைந்த ஒரு தள்ளுவண்டி நிற்கும். அது சில நொடிகளில் முழு வேகத்துக்குத் தள்ளிவிடும். வண்டி வளையத்தைச் சுற்றி, எதிரே செங்குத்தாக நிற்கும் தண்டவாளத்தில் ஏறி, வேகம் தீர்ந்ததும் வந்த வழியே பின்பக்கமாக வளையத்தைச் சுற்றித் திரும்பும். அதோடு நிற்காது, மேடையைத் தாண்டிப் பின்னால் இருக்கும் இன்னொரு ஏற்றத்தில் ஏறி, அதன் பிறகுதான் மேடையில் வந்து பிரேக்கில் பிடிபடும்.

பாதை வட்டமாகச் சேராததால் இதில் ஒரே வண்டிதான் ஓட்ட முடியும். இந்த மாதிரி வண்டியில் 28 இருக்கை. ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் வைத்தால் மணிக்கு 24 சுற்று, அதாவது 672 பேர். ஓர் இருக்கையின் பாதுகாப்புப் பட்டையைப் பூட்டத் தாமதமானால்கூட அந்தக் கணக்கு சரியும். வரிசை நகராமல் நிற்பது அதனால்தான். தேய்வதும் இங்கேதான்: கம்பிவடம், தள்ளுவண்டியின் கொக்கி, பிரேக் கட்டைகள். இவற்றைக் கடையில் வாங்க முடியாது. அளவெடுத்து லேத்தில் கடைந்து, விரிசல் சோதனை செய்துதான் பூட்ட வேண்டும்.

அனகோண்டா 1999இல் வந்தது. இருக்கை தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், கால் அந்தரத்தில். செய்தது சுவிட்சர்லாந்தின் ஜியோவனோலா. இந்தத் துறையில் இன்று கொடிகட்டிப் பறக்கும் போலிஜர், மாபிலியார் இருவரும் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்தான். அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. ஆனாலும் இதில் ஒரு வசதி: சக்கரம், பேரிங், சென்சார் போன்றவை பொதுச்சந்தையில் கிடைக்கிற வகை. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றுவிதச் சக்கரங்கள்: பாரம் தாங்குவது, பக்கவாட்டில் பிடிப்பது, வண்டி தண்டவாளத்தைவிட்டு விலகாமல் மறுபக்கத்திலிருந்து பிடிப்பது. உலோக நடுவட்டின் மேல் பாலியூரித்தேன் பூச்சு. சூட்டில் அந்தப் பூச்சு உரிய ஆரம்பித்தால் ஓட்டத்தில் 'தட்தட்' என்று அதிர்வு வரும். உடனே வண்டியை எடுத்துவிடுவார்கள்.

பாதி நாள் நிற்பதற்கு வருகிறேன். பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். ஒரு சென்சார் எண்ணிக்கையைத் தவறவிட்டால்கூட, கணினி எல்லா வண்டியையும் நிறுத்திவிடும். ஏற்றத்தில் வண்டி நின்றால் பிள்ளைகள் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏறும்போது கேட்கும் 'டக் டக்' சத்தம், பின்னால் உருளாமல் பிடிக்கும் இரும்புப் பல் பள்ளத்தில் விழுகிற சத்தம். பிரேக்கும் அப்படித்தான்: காற்றழுத்தம் அதைத் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். மின்வெட்டு வந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

டவர் ஆஃப் டெரர் 2001. ரொனால்ட் பஸ்ஸிங்க் செய்தது. கோபுரம் 34 மீட்டர், விழுவது 47 மீட்டர்; மீதி ஆழம் தரைக்குக் கீழே, சுரங்கக் குழிக்குள். வேகம் மணிக்கு 95 கிலோமீட்டர். பேர்பெற்றது அதன் 6.3 ஜி, அதாவது நம் எடையைப்போல 6.3 மடங்கு அழுத்தம். இதைப் பலகையில் போட்டுக் காட்டலாம்: 95 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 26.4 மீட்டர். அதன் வர்க்கம் கிட்டத்தட்ட 697. 6.3இல் ஒன்று நம் வழக்கமான எடை; அடியில் வளைவதற்குக் கிடைக்கும் மீதி 5.3ஐப் புவியீர்ப்பின் 9.8ஆல் பெருக்கினால் 52. 697ஐ 52ஆல் வகுத்தால் 13.4. ஆக, அந்த வேகத்தில் சுமார் 13 மீட்டர் ஆரத்தில் வளைத்தால்தான் அந்த அழுத்தம் வரும். 40 கிலோ பிள்ளை அந்த ஒரு கணத்தில் 252 கிலோ எடையை உணரும். கணநேரம் என்பதால்தான் உடல் தாங்குகிறது. குனிந்து கீழே பார்த்தபடி போனால் கழுத்து பிடித்துக்கொள்ளும். தலையைப் பின்னால் சாய்த்து, விழ ஆரம்பித்ததுமே வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கழுத்து, முதுகு, இதயப் பிரச்சினை இருப்பவர்களைக் கண்டிப்பாக ஏற்றக்கூடாது. ஆசிரியர் ஒருவர் கீழேயே நிற்கட்டும்.

எது அன்றைக்கு ஓடுகிறது என்பதைப் புறப்படுவதற்கு முதல் வாரம் பூங்காவிலேயே கேளுங்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு ஒவ்வொன்றாக இறக்குவார்கள். சக்கர அச்சுகளைக் கழற்றி, காந்தத்தூள் தெளித்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடுவார்கள். உயர அளவுகோல் ரைடுக்கு ரைடு வேறு. 10 வயதுப் பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே காலணி இல்லாமல் அளந்து எழுதி வாருங்கள். வாசலில் அழுகை மிச்சம்.

பதினாலாம்_நம்பர் பதில்:

சுரங்க விஷயத்தில் பெற்றோர் சொல்வதும் சரி, இப்போது போனவர்கள் சொல்வதும் சரி. பூங்கா நிற்பது கிரவுன் மைன்ஸ் என்ற பழைய தங்கச் சுரங்கத்தின் 14ஆம் எண் குழியின் மேல். முன்பு பார்வையாளர்களை சுமார் 220 மீட்டர் வரை இறக்கினார்கள். இப்போது சுமார் 75 மீட்டர்.

காரணம் தண்ணீர். கைவிட்ட சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை யாராவது இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பகுதிக்கான இறைப்பு 2008இல் நின்றது, தண்ணீர் மட்டம் ஏற ஆரம்பித்தது. பாறையில் பைரைட் என்கிற இரும்புக் கந்தகம் இருக்கிறது. காற்றும் தண்ணீரும் பட்டால் அது கந்தக அமிலமாகும். அந்தத் தண்ணீர் குழியின் இரும்பை, கம்பிவடத்தை, பம்பை எல்லாம் அரித்துவிடும். ஜெர்மிஸ்டனில் புதிய இறைப்பு நிலையம் 2014இல்தான் இயங்கத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேதியியல் பாடம் கிடைக்காது. குழிக்குள் ஈரத்தரை; பிடிப்புள்ள மூடிய காலணி கட்டாயம், செருப்பு வேண்டாம்.

தங்கம் வார்க்கும் காட்சி நடந்தால் தவறவிடாதீர்கள். தங்கம் உருகுவது 1064 டிகிரியில். வார்ப்பதற்கு முன் வார்ப்பு அச்சைச் சூடாக்குவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் நீராவியாக வெடித்து, உருகிய உலோகம் தெறிக்கும். ஊற்றும்போது ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஓடும், சில நொடியில் மேலே தோல் கட்டி மங்கும். தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். அதனால் சர்வதேச அளவான 12.5 கிலோ கட்டியின் பருமன் 650 கன சென்டிமீட்டர்கூட வராது. வீடு கட்டும் செங்கல்லில் பாதிக்கும் குறைவு.

கம்பூட் ஆட்டம் நேரப்பட்டியலில் இருந்தால் முன்வரிசையில் உட்காருங்கள். சுரங்கத் தொழிலாளர்களிடம் பிறந்தது அது. தண்ணீர் தேங்கிய சுரங்கத்துக்காகக் கொடுத்த ரப்பர் பூட்ஸையே தாளமாக்கினார்கள். குழியைப் பார்த்த பிறகு ஆட்டத்தைப் பார்த்தால் அந்தத் தட்டலின் பொருள் பிள்ளைகளுக்குத் தானாக விளங்கும். ஆகவே வரிசை: முதலில் குழி, பிறகு ஆட்டம்.

பாயிண்ட்_ரோடு பதில்:

மெக்கானிக் அண்ணன் சொன்ன உதிரிபாகக் கணக்கோடு டர்பனுக்கு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: உப்புக்காற்று. கடற்கரையில் ஒரு போல்ட்டின் தலை பளபளவென்றிருக்கும். மரையின் இடுக்கில் துரு தின்றுகொண்டிருக்கும். அதனால் கழற்றிப் பார்க்காமல் எந்தச் சோதனையும் சோதனை ஆகாது. ஜோஹன்னஸ்பர்க் ஏறக்குறைய 1750 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றில் இருப்பது இரும்புக்குப் பெரிய வரம்.

டர்பன் கடற்கரையிலுள்ள ஊஷாகா மரைன் வேர்ல்டு பூங்காவில் தண்ணீர்ச் சறுக்குகள் கண்ணாடியிழை. அங்கே தேய்வது வேறு மாதிரி. இரண்டு துண்டு சேரும் இடத்தில் அடைத்த பசை சுருங்கினால் ஓரிரு மில்லிமீட்டர் படி உண்டாகும், முதுகு சிராய்க்கும். வெயிலில் மேற்பூச்சு சுண்ணாம்பு போலப் பொடியும். பம்ப் தண்ணீர் குறைந்தால் ஆள் நடுவழியில் நிற்பார். கூடினால் வளைவில் சுவரேறிப் போவார். தண்ணீர் அளவு சரியில்லாத நாளில் ஒரு சறுக்கை மூடிவைப்பது நல்ல பராமரிப்புக்கு அடையாளம்.

காட்சிகள் மாறிய கதைக்கு நம்மூரே போதும். வெஸ்ட் ஸ்ட்ரீட் கடற்கரை முனையில் 1959இல் திறந்த மீன்காட்சியகம், 1976இல் வந்த கேம்பிட் என்ற டால்பின், 2004இல் எல்லாம் ஊஷாகாவுக்கு இடமாற்றம், 2010இல் கேம்பிட்டின் மறைவு. கேப் டவுனில் ரட்டாங்கா ஜங்ஷன் 1998 டிசம்பரில் திறந்து 2018 மே மாதம் மூடியேவிட்டது. அதன் கோப்ராவும் அனகோண்டா மாதிரியே கால் தொங்கும் கோஸ்டர். ஒரு பூங்கா மூடினால் ரைடு பழைய இரும்பாகும், இல்லையென்றால் கோல்டன் லூப் போல இன்னொரு ஊரில் வேறு பெயரோடு ஓடும்.

சாட்ஸ்வர்த்_செல்வி:

மிக்க நன்றி. சுரங்கப் பகுதியை அப்படியே அச்சடித்துப் பெற்றோருக்கும் கொடுக்கப் போகிறோம். ஜூலையா, டிசம்பரா?

லெனேசியா_மெக்கானிக்:

ஜூலை, அக்கா. டிசம்பரில் மதியத்துக்கு மேல் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் இடிமின்னல் அடிக்கடி வரும். பக்கத்தில் மின்னல் என்றால் உயரமான ரைடு எல்லாம் நிற்கும். அப்படியே டிசம்பரில் போனாலும் கோஸ்டர்களைக் காலையிலும் சுரங்கத்தையும் காட்சிகளையும் மதியத்திலும் வையுங்கள்.

ஜூலையில் வானம் தெளிவு, குளிர்தான் தொந்தரவு. காலையில் கிரீஸ் கெட்டியாகி, சக்கரப் பூச்சும் விறைத்திருப்பதால் வண்டி மெதுவாக ஓடும். வேகம் போதாமல் பள்ளத்தில் நின்றுவிட்டால் ஆட்களை ஏணி வைத்து இறக்க வேண்டிவரும். அதனால் ஆளில்லாமல் பலமுறை ஓட்டிச் சூடேற்றிய பிறகே திறப்பார்கள். நீங்கள் குழியிலும் ஆட்டத்திலும் தொடங்கி, பதினோரு மணிக்கு மேல் கோஸ்டர் பக்கம் வந்தால் சரியாக இருக்கும். டவர் ஆஃப் டெரரை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பள்ளி நாட்களில் வாரத் தொடக்கத்தில் பூங்கா மூடியிருக்கும். பேருந்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தேதியில் திறப்பு உண்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.