லீக்டனாவரின் வாட்போர்ச் செய்யுள்கள் இவ்வளவு மறைபொருளாக இருப்பது ஏன்?

கேள்வி

நீள்வாள் (இரு கையாலும் பிடிக்கும் ஐரோப்பிய வாள்) பயிற்சியைத் தொடங்கிச் சில மாதங்களே ஆன நான், பழைய ஜெர்மன் வாட்போர் ஏடுகளின் மொழிபெயர்ப்புகளை இப்போது படிக்க முயன்று வருகிறேன். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் யோஹானஸ் லீக்டனாவரின் செய்யுள்களை நான்கைந்து முறை படித்த பிறகும், காலை எங்கே வைப்பது, வாளை எந்த உயரத்தில் பிடிப்பது என்ற எதுவும் பிடிபடவில்லை. மேலிருந்து உன்னை வெட்ட வருபவனைச் சினவெட்டின் முனை மிரட்டும் என்கிற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒருவர் என்னதான் செய்ய முடியும்? சரி, படங்களையாவது பார்ப்போம் என்று ஹான்ஸ் டால்ஹோஃபரின் 1467ஆம் ஆண்டு ஏட்டைத் திறந்தால், இருவர் பின்னிப் பிணைந்து நிற்கிறார்கள். அந்த நிலைக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கு விளக்கமே இல்லை. பிறருக்குக் கற்பிக்க எழுதப்பட்டவை ஏன் இப்படிப் பூட்டி வைத்தாற்போல் இருக்கின்றன?

முதல் பதில்

கற்பிக்க எழுதப்பட்டவை என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அச்செய்யுள்கள் ஆசானிடம் ஏற்கெனவே கற்றவர் மனப்பாடமாக வைத்துக்கொள்வதற்கானவை. உரையைத் தள்ளிவிட்டு நூற்பாவை மட்டும் படித்தால் நமக்கு என்ன கிடைக்குமோ, அதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பவேரியக் கோமகன் ஆல்பிரெக்டிடம் வாள் ஆசானாக இருந்த சீக்முண்ட் ரிங்கெக்கின் பெயரில் வழங்கும் உரை இதை ஒளிக்காமலே சொல்கிறது: கலையை மலிவாக மதிக்கும் பொறுப்பற்ற ஆசான்களின் கைக்குப் போய் அது பொதுச்சரக்காகிவிடக் கூடாது என்பதற்காகவே லீக்டனாவர் மறைசொற்களில் எழுதுவித்தாராம்.

நீங்கள் குறிப்பிட்ட வரியையே உரையோடு பாருங்கள். எதிராளி தம் வலப்பக்கத்திலிருந்து மேல்வெட்டு வெட்டும்போது, நீங்களும் உங்கள் வலத்தோளிலிருந்து நீள்விளிம்பால், அதாவது அவரை நோக்கியிருக்கும் விளிம்பால், வலுவாக எதிர்த்து வெட்ட வேண்டும். இதுதான் சினவெட்டு. இரண்டு வாள்களும் முட்டிய அந்த இடத்தில் அவருடைய அழுத்தம் தளர்ந்திருந்தால், வாளை விலக்காமல் முனையை நேரே அவர் முகத்துக்கோ மார்புக்கோ செலுத்த வேண்டும். அவர் அதைக் கண்டுகொண்டு உங்கள் வாளை வலுவாக ஒதுக்கித் தள்ளினால், அவருடைய வாளை ஒட்டியே மேலேற்றி எடுத்து, மறுபுறம் தலையில் வெட்ட வேண்டும். செய்யுளில் இருந்த அந்த 'மிரட்டும்' என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது. முன் (தாம் முந்தித் தாக்குவது), பின் (எதிராளியின் தாக்குதலுக்கு மறுமொழியாகச் செய்வது), அக்கணமே என்ற மூன்று சொற்களை உரைகாரர்கள் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். வாள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த நொடியில் எதிராளியின் அழுத்தம் வன்மையா மென்மையா என்று கையால் உணர்வதில்தான் அடுத்த அசைவு முடிவாகிறது.

இரண்டாம் பதில்

டால்ஹோஃபரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த 1467ஆம் ஆண்டு ஏடு வுர்ட்டம்பெர்க்கின் எபெர்ஹார்டுக்காகச் செய்யப்பட்டது. படத்துக்கு ஒன்றிரண்டு வரிக்கு மேல் எழுத்து இருக்காது. கற்ற பிரபு ஒருவர் புரட்டிப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளும் ஏட்டில் முதற்பாடத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். மேலும் அதன் கணிசமான பகுதி, வழக்கைத் தீர்க்க நீதிமுறைப்படி நடந்த இருவர் போரைப் பற்றியது. இடுப்பளவு குழிக்குள் தடியோடு நிற்கும் ஆணும், துணியில் கல்லை முடிந்து சுழற்றும் பெண்ணும் மோதும் படங்கள் அதில்தான் வருகின்றன. அவற்றைப் பார்த்து உங்கள் நீள்வாள் நிற்பைத் திருத்திக்கொள்ள முடியாது.

மூன்றாம் பதில்

முதல் பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒளித்துவைக்கும் எண்ணம் ஒன்றே காரணம் என்று நிறுத்திவிடுவது போதாது. நியூரென்பெர்க்கில் உள்ள 3227ஏ என்ற கையெழுத்துப் பிரதியின் ஆசிரியர், வாட்போரைக் கையால் காட்டிக் கொடுப்பதுபோல் அவ்வளவு தெளிவாக எழுத்தில் விளக்க முடியாது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். லீக்டனாவர் இக்கலையைத் தாமே உருவாக்கவில்லை, பல நாடுகளுக்குச் சென்று தேடிக் கற்றார் என்று சொல்வதும் அவரே. (அப்பிரதியை 1389 என்று பலரும் தயங்காமல் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு அதிலுள்ள நாட்காட்டியை வைத்துக் கணித்தது. வாட்போர்ப் பகுதி எழுதப்பட்ட ஆண்டுக்கு அது சான்றாகாது.)

எழுத்தில் விரிவாகச் சொல்லப்பட்ட நூல்தான் வேண்டும் என்றால், 1570இல் ஸ்டிராஸ்பர்கில் அச்சான யோவாக்கிம் மேயரின் நூலுக்குச் செல்லுங்கள். அவர் தொழிலால் கத்தி செய்பவர். நிலைகளையும் வெட்டுகளையும் அடிவைப்பையும் பொறுமையாக, வரிசைப்படி உரைநடையில் விளக்குகிறார். கடனோடு மறுஆண்டே அவர் இறந்துபோனார் என்பதை நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: மேயரின் நீள்வாளில் குத்து பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. ஆகவே, முனையால் மிரட்டும் உங்கள் வரிக்கு அவரிடம் நேரடி விடை கிடைக்காது. அதற்கு ரிங்கெக்கின் உரைதான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை நானும் உடன் பயில்பவரும் முகக்கவசம் அணிந்து, மரவாள்களோடு, மிக மெதுவாக அந்த ஒரு வரியை மட்டும் முப்பது நாற்பது முறை செய்து பார்த்தோம். முதல் பத்து முறையும் நான் முட்டிய மாத்திரத்திலேயே குத்த அவசரப்பட்டதால், அவருடைய வாள் என் வாளை எளிதாக ஒதுக்கித் தள்ளியது. பிறகு கண்ணை அவர் தோளில் வைத்து, கைக்கு வரும் அழுத்தத்துக்காகக் காத்திருந்தபோது, தளர்வு எது, தள்ளல் எது என்பது ஓரளவு பிரித்தறிய வந்தது. இப்போது புதிதாக ஒரு ஐயம்: இருவரும் சம வலுவோடு அழுத்தி வாள்கள் நடுவிலேயே நின்றுவிட்டால், உரை எந்தப் பக்கம் போகச் சொல்கிறது?

முதல் பதில் எழுதியவர்

அதற்கு வாளை விலக்கவே கூடாது. கைகளை உயர்த்தி, உங்கள் வாளின் வலுவான அடிப்பகுதி அவர் வாளின் மெலிந்த பகுதியைத் தாங்கும்படி திருப்பி, மேலிருந்து முகத்தை நோக்கிக் குத்த வேண்டும். உரைகாரர்கள் இதை விண்டன், அதாவது முறுக்குதல் என்கிறார்கள். முகக்கவசத்தோடு கழுத்துக் காப்பும் இல்லாமல் இதைச் செய்து பார்க்க வேண்டாம். முனை வழுக்கினால் நேரே தொண்டைக்குத்தான் வரும்.