தராசுத் தட்டில் ஒட்டிய புளி: ஆமோஸ் பாடம் நடத்திய அனுபவம்

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பங்கில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி எடுக்கிறேன். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். கடவுளின் வார்த்தையை மக்களிடம் எடுத்துச் சொன்ன இறைவாக்கினர்கள் என்றாலே அவர்களுக்கு மனப்பாடப் பெயர்ப் பட்டியல்தான். எசாயா, எரேமியா, எசேக்கியேல் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் "மெசியா வருவார்னு சொன்னாங்க டீச்சர்", அவ்வளவுதான்.

இறைவாக்கினர்கள் வெறும் வாயால் மட்டும் பேசியவர்கள் இல்லை. எரேமியா மண்கலயத்தை ஊரார் முன்னால் போட்டு உடைத்தார், கழுத்தில் நுகம் பூட்டிக்கொண்டார். எசேக்கியேல் செங்கல்லில் எருசலேமை வரைந்தார். அப்படியிருக்க நாம் மட்டும் ஏன் வாயால் நடத்த வேண்டும் என்று தோன்றியது.

அன்றைய பாடம் பைபிளில் ஆமோஸ் என்ற இறைவாக்கினரின் நூல், 8ஆம் அதிகாரம். அதில் இஸ்ரயேல் வியாபாரிகள் தானியம் விற்கும்போது மரக்காலைச் சிறிதாக்குகிறார்கள், காசு வாங்கும்போது எடைக்கல்லைக் கனமாக்குகிறார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அங்கே நாணயம் கிடையாது, வெள்ளியை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். அதனால் கல்லில் கள்ளம் என்றால் விலையிலேயே கள்ளம். இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு பழைய கைத்தராசும் ராயக்கோட்டைச் சந்தைத் தக்காளியும் கொண்டுபோனேன். அரைக்கிலோ கல்லுக்கு எட்டுத் தக்காளி நின்றது. அப்புறம் தக்காளித் தட்டின் அடியில் சின்ன எலுமிச்சை அளவு புளியை ஒட்டினேன். ஏழிலேயே முள் நேராக நின்றுவிட்டது. மிச்சமான அந்த ஒரு தக்காளியைப் பிள்ளைகள் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

அப்போது ஒரு பையன் எழுந்து, "எங்க அப்பாவும் இப்படித்தான் ஒட்டுவாரு டீச்சர்" என்றான். அவன் அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். எனக்கோ பாடம் பலித்துவிட்ட சந்தோஷம். "பாத்தீங்களா, ஆமோஸ் சொன்னது இன்னைக்கும் நடக்குது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். "அப்பாகிட்ட பேசவே மாட்டேங்கிறான் டீச்சர்" என்று அவன் அம்மா சொன்னார். அவன் அப்பா கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "மண்டில பெட்டிக்கு ரெண்டு கிலோ கழிவுன்னு பிடிச்சுக்கிறாங்க. அத நான் எங்க போய் ஈடுகட்டுறது? தப்புதான், இல்லேன்னு சொல்லல" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ஆமோஸ் அந்தப் பகுதியைத் தொடங்குவதே வறியவர்களை நசுக்குகிறவர்களைக் கூப்பிட்டுத்தான். நானோ அந்த வார்த்தையை எடுத்து எங்கள் தெருவிலேயே கடைசி ஆளின் தலையில் போட்டுவிட்டேன். அவர் ஏமாற்றுவதும் கூலிக்குப் போகிறவர்களைத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மகனைக் கொண்டு தகப்பனைக் காட்டிக்கொடுக்க வைக்க நான் யார்?

அடுத்த ஞாயிறு எசாயா 6ஆம் அதிகாரத்தை எடுத்தேன். ஊரைப் பார்த்துப் பேசப் போகிறவர் முதலில் தன் உதடுகள்தான் தூய்மையற்றவை என்கிறார். வரிசையாகப் படித்திருந்தால் ஆமோசுக்கு முன்பே இதை நடத்தியிருப்பேன். ஒரு தாளில் அவரவர் தன் தராசில் ஒட்டியிருக்கும் புளி எது என்று எழுதலாம், யாரும் காட்ட வேண்டாம் என்றேன். என்னுடையதை மட்டும் சத்தமாகப் படித்தேன்: "பாடம் நல்லா வரணும்னு ஒரு பையன எல்லார் முன்னாடியும் தலைகுனிய வச்சேன்." அவன் அன்று வந்திருந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏதோ எழுதி, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது கிட்டே வந்தான். "மண்டிக்காரங்ககிட்ட யாரு டீச்சர் சொல்லுவாங்க?"

ஆமோஸ் 7:14ஐ எடுத்துக் கொடுத்து அவனையே வாசிக்கச் சொன்னேன். தான் இறைவாக்கினரும் இல்லை, இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவரும் இல்லை, ஆடுமாடு மேய்த்து அத்திமரம் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று ஆமோசே சொல்லும் இடம் அது. விரலை வரிமேல் வைத்து இரண்டு முறை வாசித்தான். "அத்திமரம்னா நம்ம ஊர் அத்தியா டீச்சர்?" என்று கேட்டான். நம்ம அத்திக்குச் சொந்தம்தான் என்றேன்.