மட்சுமோட்டோ: கறுப்புக் கோட்டையும் உப்புக் கல்லும்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

மீனாட்சி (காலை 6.48)
எல்லோருக்கும் வணக்கம். நேற்று வீடு திரும்ப இரவு வெகுநேரம் ஆகிவிட்டதால் உடனே எழுத முடியவில்லை. டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் மட்சுமோட்டோ என்ற பழைய கோட்டை நகரைப் பார்த்து வந்தேன். கதிருக்கு விடுப்பு கிடைக்காததால் வழிகாட்டியோடு போகும் ஒரு சிறு குழுவில் என் பெயரைப் பதிவு செய்து, ஷின்ஜுகு நிலையத்தில் காலை 7 மணி 'அசுசா' ரயிலில் ஏற்றிவிட்டான். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். ஒன்பது பேர் கொண்ட குழுவை அங்கே நிலைய வாசலில் வந்து அழைத்துக்கொண்டவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நானும் ஆசிரியை என்று தெரிந்ததும், பகல் முழுவதும் என் நடைக்கு ஏற்றபடி மெதுவாக நடந்தார்.

கவிதா (காலை 6.57)
படங்கள் மிகவும் அழகாக இருக்கின்றன, அத்தை. ஏப்ரலில் நாங்கள் மூவரும் வரும்போது ஹிமெஜி கோட்டைக்குப் போவதாக ஏற்கெனவே திட்டம் இருக்கிறது. இன்னொரு கோட்டைக்காக ஒரு நாளை ஒதுக்க வேண்டுமா என்றும், அப்படியே போனாலும் வழிகாட்டிக்கு மூன்று பேருக்கும் பணம் கட்டுவதைவிடக் கைப்பேசி வரைபடத்தை வைத்துக்கொண்டு நாமே சுற்றிப் பார்த்துவிடலாமே என்றும் யோசிக்கிறேன்.

மீனாட்சி (காலை 7.14)
போன மாதம் ஒசாகா கோட்டைக்குப் போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன், கவிதா. அது 1931இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டப்பட்டது. மின்தூக்கியில் ஏறி, கண்ணாடிப் பேழைகளைப் பார்த்து, இறங்கி வந்துவிட்டேன். எதைப் பற்றியும் யாரிடமும் கேட்க வழியில்லை. மட்சுமோட்டோவில் நிற்பது 1590களில் இஷிகாவா குடும்பத்தார் எழுப்பிய அதே மரக்கட்டடம். பழைய கோபுரத்தோடு இன்றும் நிற்கும் கோட்டைகள் ஜப்பானில் மொத்தம் 12தான். அவற்றில் ஐந்து கோபுரங்கள் தேசியச் செல்வங்கள். ஹிமெஜியும் இதுவும் அந்த ஐந்தில் அடங்கும். அது வெள்ளை, இது கறுப்பு. ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றதைப் பார்த்ததாகாது.

வழிகாட்டி எங்களை நேராகக் கோட்டைக்கு அழைத்துப் போகவில்லை. கடைத்தெருவின் ஒரு முனையில் நிறுத்தி, இடுப்பில் வைக்கோல் கயிறு கட்டிய ஒரு கல்லைக் காட்டினார். தனியாகப் போயிருந்தால் அதைக் கடந்து நடந்திருப்பேன். மாடு கட்டும் கல் என்பது அதன் பெயர். 16ஆம் நூற்றாண்டில் இந்த மலைநாடு தகேதா ஷிங்கென் என்ற தலைவரின் ஆட்சியில் இருந்தது. கடற்கரை இல்லாத நாடு என்பதால், பகைவர்கள் உப்பு வரும் வழியை அடைத்துவிட்டார்கள். அப்போது ஷிங்கெனோடு பல முறை போரிட்ட உயெசுகி கென்ஷின், எதிரியாக இருந்தும், தன் கடற்கரையிலிருந்து உப்பு போக வழிவிட்டாராம். உப்பு மூட்டை சுமந்து வந்த மாட்டை அந்தக் கல்லில் கட்டினார்கள் என்பது ஊர் வழக்கு. 'எதிரிக்கு உப்பு அனுப்புவது' என்ற சொலவடை இன்றும் ஜப்பானில் புழங்குகிறது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நம் பக்கத்தில் சொல்வதை நான் எடுத்துச் சொன்னபோது, அவர் அதை இரண்டு முறை கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இதைச் செய்ய எந்த வரைபடத்தால் முடியும்?

ராமநாதன் (காலை 7.31)
மீனா, எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகையில், அந்தக் கோட்டை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்து நிற்கும் பழைய புகைப்படத்தைப் பார்த்த நினைவு இருக்கிறது. இவ்வளவு உயரமான மரக்கட்டடத்தை எந்த மண்ணில், எப்படிப்பட்ட அடித்தளத்தின் மேல் நிறுத்தினார்கள் என்று அந்த அம்மா சொன்னாரா?

மீனாட்சி (காலை 7.52)
சொன்னார், அண்ணா. நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள் என்று நினைத்து முழுவதையும் குறித்துக்கொண்டேன்.

கோபுரத்தின் எடை ஏறக்குறைய 1,000 டன். அங்கே மலையில்லை, சமவெளியில், ஊற்று நீர் ஓடும் இளகிய மண்ணில் கட்டியிருக்கிறார்கள். ஆகவே கல் மேடைக்குள்ளேயே 16 மரத்தூண்களைப் புதைத்து, எடையை அவற்றின் வழியாகக் கீழே இறக்கினார்கள். 1950 முதல் 1955 வரை கட்டடத்தைப் பிரித்துப் பழுது பார்த்தபோது, அந்தத் தூண்கள் உளுத்துப் போயிருந்தது தெரிந்தது. சாய்வுக்குக் காரணம் அதுதான்.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சாய்வுக்கு இன்னொரு காரணமும் சொல்லி வந்திருக்கிறார்கள். 1686இல் இந்தச் சீமையில் நெல் வரியை உயர்த்தினார்கள். பக்கத்துச் சீமைகளில் வாங்குவதைவிட அது அதிகம் என்று, ததா கசுகே என்ற கிராமத் தலைவரின் பின்னால் ஆயிரக்கணக்கான உழவர்கள் கோட்டையின் முன் திரண்டார்கள். வரியைக் குறைப்பதாக எழுத்தில் உறுதி கொடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அந்த உறுதியைத் திரும்பப் பெற்று, தலைவர்களைப் பிடித்து, மொத்தம் 28 பேரைக் கொன்றார்கள். அவர்களில் ஒருத்தி 16 வயதுப் பெண். கசுகே மரத்தில் அறையப்பட்ட நிலையிலும் கோட்டையை உற்றுப் பார்த்து வரிக் கோரிக்கையை உரக்கச் சொன்னாராம்; அந்தப் பார்வையில் கோபுரம் சாய்ந்தது என்பது கதை.

அந்த அம்மா இரண்டையும் சொல்லிவிட்டு, 'தூண்கள் உளுத்தது உண்மை. ஆனால் எழுதிக் கொடுத்த வாக்கை மீறினார்கள் என்பதும் உண்மை. ஊர் மறக்காமல் இருந்தது இரண்டாவதைத்தான்' என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ராமநாதன் (காலை 8.05)
தூண்கள் உளுத்ததற்கு மண்ணில் ஏறி இறங்கும் ஈரம் காரணமாக இருந்திருக்கலாம். முழுவதும் நீருக்குள்ளேயே கிடக்கும் மரம் நூற்றாண்டுக் கணக்கில் கெடாது. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருக்கும் இடத்தில்தான் முதலில் உளுக்கும். எங்கள் பாலப் பணிகளிலும் இதைப் பார்த்திருக்கிறோம். அப்படியிருந்தும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கியிருக்கிறது என்றால், அந்தத் தச்சர்களைக் கும்பிட வேண்டும். அவ்வளவு சாய்ந்த கட்டடத்தை இடிக்காமல் விட்டது யார்?

மீனாட்சி (காலை 8.19)
இடிக்கத்தான் இருந்தார்கள், அண்ணா. பழைய போர்த் தலைவர்களின் ஆட்சி முடிந்து, பேரரசர் மெய்ஜியின் ஆட்சி வந்ததும் கோட்டைகள் வேண்டாதவை ஆகிவிட்டன. 1872இல் இந்தக் கோபுரம் ஏலத்தில் போனது. வாங்கியவர் மரத்துக்காகவும் இரும்புக்காகவும் பிரித்துவிடுவார் என்ற நிலை. இச்சிகாவா ரியோசோ என்ற உள்ளூர்க்காரர் அவகாசம் கேட்டு வாங்கி, கோட்டைக்குள்ளேயே பொருட்காட்சிகள் நடத்தி, அந்தப் பணத்தில் கோபுரத்தை மீட்டார். பின்னர் சாய்வு மோசமானபோது, கோபயாஷி உனாரி என்ற பள்ளித் தலைமையாசிரியர் ஊராரைச் சேர்த்து நிதி திரட்டி, 1903 முதல் 1913 வரை பழுது பார்க்க வைத்தார். அவருடைய பள்ளியின் விளையாட்டுத் திடல் கோட்டையின் உள்முற்றத்தில் இருந்தது. நாள்தோறும் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தின் மேல் சாய்ந்து நிற்கும் கோபுரத்தை ஒரு தலைமையாசிரியர் எப்படிப் பார்த்திருப்பார் என்பதை, முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இருந்த என்னால் நன்றாக நினைத்துப் பார்க்க முடிகிறது.

சரோஜா (காலை 8.40)
படித்துக்கொண்டே இருக்கிறேன், மீனா. ஆனால் என் முழங்கால் நிலைமை உனக்குத் தெரியும். படிகள் எப்படி என்று சொல். அதோடு, மீன் வாசனை இல்லாமல் அங்கே ஏதாவது சாப்பிடக் கிடைத்ததா?

மீனாட்சி (காலை 9.02)
அண்ணி, படிகளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து அடுக்குத்தான் தெரியும். உள்ளே ஆறு தளங்கள். வாசலில் காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே போகப் போகப் படிகள் பரண் ஏணி போல ஆகிவிடுகின்றன. மிகச் செங்குத்தான இடத்தில் சாய்வு 61 பாகை. படியின் விளிம்புகள் காலுறை பட்டுப் பட்டு எண்ணெய் தடவியது போல மின்னுகின்றன. நான் ஒரு கையில் செருப்புப் பையும் மறுகையில் கைப்பிடியுமாக, முதல் மூன்று தளங்களைத்தான் பார்த்தேன். மூன்றாவது தளத்தில் சன்னலே கிடையாது. வெளியே நிற்பவர்களுக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. அந்த இருட்டில் தூணைத் தொட்டுப் பார்த்தால், செதுக்கிய தடம் மீன் செதில் போல விரலில் நெருடுகிறது. அதற்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டியே தடுத்து, கைப்பிடித்து இறக்கிவிட்டார். நீங்கள் ஏற வேண்டாம்.

ஏறாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. அகழியின் இக்கரையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுவரின் கீழ்ப்பாதி கறுப்புப் பலகைகள். அதில் பூசியிருப்பது நம் ஊர் அரக்கு அல்ல, உருஷி மரத்தின் பால். அதை ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் கைவினைஞர்கள் புதிதாகப் பூசுகிறார்கள். அகழித் தண்ணீரின் வெளிச்சம் அந்தப் பலகையில் நெளிந்து ஆடுகிறது. பக்கத்திலேயே, சிவப்புக் கைப்பிடிச் சுவரோடு மூன்று பக்கமும் திறந்த ஒரு மண்டபம் இருக்கிறது. 1630களில், போர்கள் ஓய்ந்த பிறகு, நிலாப் பார்ப்பதற்காகச் சேர்த்தது. அன்று நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுன் வருகிறார் என்று கட்டினார்கள்; அவர் வரவே இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதற்கு முன் வேறொரு பயணத்தில், சைவ உணவு உண்டு என்று எழுத்தில் உறுதி சொல்லிவிட்டு மீன் சாற்றில் வெந்த காய்களை வைத்தார்கள். அன்று பசியோடு திரும்பினேன். ஆகவே இந்த முறை கதிர் முன்கூட்டியே எழுதியிருந்தான். அந்தப் பகுதி சோபாவுக்குப் பேர்போனது. பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும், நூடுல்ஸ் போன்ற இழை அது. அதைத் தொட்டுச் சாப்பிடும் சாற்றில் மீன் சேரும் என்பதால், வழிகாட்டி கடைக்காரரிடம் பேசி, சாற்றுக்குப் பதிலாக உப்பும் வசாபி என்ற காரமான பச்சைக் கிழங்கைப் புதிதாகத் துருவியும் வைக்கச் சொன்னார். குளிர்ந்த இழையை வெறும் உப்பில் தொட்டுச் சாப்பிட்டபோதுதான் அந்த மாவின் மணமே தெரிந்தது. கடைசியில் சோபா வேகவைத்த நீரை ஒரு சிறு செம்பில் கொண்டு வந்து வைத்தார்கள். நம் வீட்டில் சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு அம்மா கொடுப்பாரே, அதே கலங்கல், அதே இதம். அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டேன்.

ராமநாதன் (காலை 9.10)
அம்மாவின் கஞ்சிக்காகவாவது நான் வருகிறேன்.

கதிர் (காலை 9.26)
மாமா, அத்தை, கவிதா, இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். ஷின்ஜுகுவில் கிளம்பும் அந்த விரைவு ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உரியவை. ஏப்ரல் நடுவில் அங்கே செர்ரி பூக்கும் என்பதால், தேதி முடிவானதும் நான் எடுத்துவிட வேண்டும். கோட்டையை மட்டும் பார்த்தால் போதும் என்றால், கட்டணமின்றி ஆங்கிலத்தில் விளக்கும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அம்மா சொல்லும் கல், கடைத்தெரு, உணவு ஏற்பாடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாள் முழுவதும் உடன் வருபவர் வேண்டும் என்றால், அதே வழிகாட்டியைக் கேட்டுப் பார்க்கிறேன்.

கவிதா (காலை 9.41)
அதே வழிகாட்டியையே கேள், கதிர். பணத்தைப் பற்றி நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அம்மாவும் நாமும் கோட்டையில் பிரிந்து போக வேண்டியிருந்தால், அந்த நேரத்தில் அம்மாவை எங்கே உட்கார வைப்பது, அத்தை?

மீனாட்சி (காலை 9.58)
நானும் உங்களோடு வருகிறேன், கவிதா. நீங்கள் ஏறி இறங்கும்வரை அகழிக் கரையில் அண்ணியோடு நான் இருப்பேன். பிறகு நால்வரும் மெதுவாக நகமச்சி தெருவுக்கு நடக்கலாம். 1888இல் ஒரு பெருந்தீயில் ஊர் எரிந்ததால், வணிகர்கள் அங்கே தடித்த மண்சுவர் வைத்த பண்டகசாலைகளாகக் கட்டினார்கள். கறுப்பு ஓடுகளைப் பதித்து, இடையில் வெள்ளைச் சுண்ணத்தைப் புடைப்பாகப் பூசியிருப்பார்கள். அந்தப் புடைப்பு கடலட்டை போல இருப்பதால் சுவருக்கே அந்தப் பெயர். வழியில் கென்ச்சி ஊற்று வரும். நேற்று ஒரு மூதாட்டி மிதிவண்டியில் நான்கு பெரிய புட்டிகளோடு வந்து நிரப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தான் ஒதுங்கி, முதலில் எங்களைக் குடிக்கச் சொன்னார். காலியான தண்ணீர்ப் புட்டிகளை எடுத்து வாருங்கள்.

சரோஜா (காலை 10.07)
சரி, மீனா. அந்த உப்புக் கல் இருக்கும் தெருமுனையின் பெயரை மட்டும் தனியாக எழுதி அனுப்பு. ரயிலிலிருந்து இறங்கியதும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.