செக்கோயாவுக்கு மாறியதும் மேக்கில் அகராதிகளைக் காணோம்: திரும்பக் கொண்டுவருவது எப்படி?

கயல் – வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2020 மாடல் எம்1 மேக்புக் ஏர். போன ஞாயிற்றுக்கிழமை அதன் இயங்குதளத்தை சோனோமா பதிப்பிலிருந்து செக்கோயா பதிப்புக்கு மேம்படுத்தினேன். மற்றதெல்லாம் நன்றாகவே ஓடுகிறது. அகராதிகளை மட்டும் காணோம்.

மேக்கோடு வரும் அகராதிச் செயலி இருக்கிறது, திறக்கிறது. ஆனால் மேல்பட்டையில் ஆப்பிள் அகராதி, விக்கிப்பீடியா என்று இரண்டு பெயர்கள்தான் நிற்கின்றன. நான் நாள் முழுக்கப் புழங்கும் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் இல்லை, பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கான ஆக்ஸ்ஃபோர்டு இல்லை, ஒருபொருள் சொற்களைத் தரும் தெசாரஸும் இல்லை.

நான் சட்ட ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுகிறவள். ஒரு சொல்லின் மேல் சுட்டியை வைத்து கண்ட்ரோல், கமாண்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அங்கேயே ஒரு சின்னப் பெட்டி விரிந்து பொருள் தெரியும். கை தானாக அந்த மூன்று விசைகளுக்குப் போய்விடும். நேற்று ஒரு கிரயப் பத்திரத்தில் ‘லியன்’ என்ற சொல் வந்தது. பற்றுரிமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் எந்த அர்த்தத்தில் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் எழுதுவேன். பெட்டியில் விக்கிப்பீடியா மட்டும் வந்தது. அதைப் படித்து முடித்துத் திரும்பும்போது வாக்கியம் கையை விட்டுப் போய்விட்டது.

இதுவரை செய்தவை: இரண்டு முறை அணைத்துப் போட்டேன். அகராதியின் அமைப்புகளில் ஆக்ஸ்ஃபோர்டு பெயர்களுக்கு எதிரே டிக் போட்டேன். டிக் நிற்கிறது, அகராதி வரவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை மேக்குக்கு ஏற்றபடி மாற்றி ஒரு நண்பர் கொடுத்திருந்தார். அதையும் காணோம். அப்புறம், எழுத்துப் பிழை காட்டக் கூடாது என்று நான் கற்றுக்கொடுத்து வைத்த ஊர்ப் பெயர்கள், ஆள் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவையும் போயிருந்தால் என்ன செய்வேன்? திங்கட்கிழமை 40 பக்கம் கொடுக்க வேண்டும்.

---

இளவெயில் – வெள்ளி, இரவு 10:05

அக்கா, என் மேக்கில் எல்லா அகராதியும் இருக்கிறது. சிஸ்டம் கோப்புறைக்குள் அவை இருக்கும் இடத்தை அப்படியே நகலெடுத்துத் தரட்டுமா? உங்கள் பக்கம், சிஸ்டம் கோப்புகளை மாற்றவிடாமல் காக்கும் சிஸ்டம் பாதுகாப்பை மட்டும் ரெக்கவரியில் (மேக்கைப் பழுதுபார்க்கத் தொடங்கும் தனி முறை) போய் அணைத்துவிட்டு ஒட்ட வேண்டியிருக்கும். பழைய வீடியோ ஒன்றில் அப்படித்தான் செய்தார்கள்.

---

பழைய பவர்புக் – வெள்ளி, இரவு 10:32

இளவெயில், உதவ வேண்டும் என்றுதான் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அதைச் செய்ய வேண்டாம். கயல், பாதுகாப்பை அணைக்காதீர்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம். வாடிக்கையாளர்களின் பத்திரங்கள் இருக்கும் கணினி அது. ஓர் அகராதிக்காக அதன் பூட்டைத் திறந்து போடக் கூடாது.

அந்த வீடியோ சொல்வது ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 2005இல் டைகர் பதிப்போடு இந்த அகராதிச் செயலி முதன்முதலில் வந்தபோது அகராதிகள் கணினியிலேயே, லைப்ரரிக்குள் டிக்‌ஷனரீஸ் என்ற கோப்புறையில் உட்கார்ந்திருந்தன. காணாமல் போனால் வேறு மேக்கிலிருந்து எடுத்துப் போடலாம். நானே அப்படிச் செய்திருக்கிறேன். இன்றைக்கு அமைப்பே வேறு. 2019இல் காட்டலினா வந்தபோது சிஸ்டத்தைப் படிக்க மட்டும் முடிகிற தனிப் பகுதியாகப் பிரித்தார்கள். 2020இல் பிக் சர் அந்தப் பகுதிக்கு முத்திரையும் வைத்துவிட்டது. அகராதிகள் அதற்குள் இல்லை. டிக் போட்டால், பின்னணியில் இருக்கும் ஒரு சேவை இணையத்திலிருந்து அவற்றை இறக்கி, தரவுப் பகுதியில் வைக்கும். எது வந்தது, எந்தப் பதிப்பு என்ற கணக்கும் அந்தச் சேவையிடம்தான் இருக்கிறது. கோப்புகளை நாமாகக் கொண்டுபோய் ஒட்டினால் அந்தக் கணக்கில் ஏறாது.

ஆக, ‘கூடவே வந்த அகராதி’ என்று நாம் சொல்வது உண்மையில் கூடவே வருவதில்லை. டிக் என்பது ‘இது எனக்கு வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு, அவ்வளவுதான். உங்கள் சீட்டு நிற்கிறது, சரக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்கு விஷயம் சொல்லுங்கள். வட்டில் காலி இடம் எவ்வளவு? இது சொந்தக் கணினியா, அலுவலகம் கொடுத்ததா? மேம்படுத்தியது எந்த இணையத்தில்? அமைப்புகளில் மென்பொருள் புதுப்பிப்பைத் திறந்தால் இப்போது என்ன சொல்கிறது?

---

கயல் – வெள்ளி, இரவு 11:10

ரொம்ப நன்றி சார். காலி இடம் 71 ஜிபி. சொந்தக் கணினி. மேம்படுத்தியது என் சிநேகிதி வீட்டில். எங்கள் வீட்டு இணையத்தில் பல மாதமாகவே புதுப்பிப்பைத் தேடினால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று வரும். இப்போது போட்டுப் பார்த்தேன், அதேதான் வருகிறது. வேகம் குறைவு, அதனால்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் வீடியோ எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

---

பழைய பவர்புக் – சனி, காலை 6:50

அந்தக் கடைசி வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. வீடியோ ஓடுகிறது, புதுப்பிப்பு மட்டும் வரவில்லை. அப்படியானால் வேகத்தில் குறை இல்லை. உங்கள் வீட்டு இணையத்தில் ஏதோ ஒன்று குறிப்பிட்ட சில முகவரிகளை மட்டும் மறிக்கிறது. சோனோமாவில் இருந்த அகராதிகள் அந்தத் தடை வருவதற்கு முன்னால் இறங்கியிருக்கும். புதிய பதிப்பு தனக்கான கோப்புகளைப் புதிதாகக் கேட்கிறது. கேட்கும் வழி அடைபட்டிருக்கிறது.

சோதிப்பது சுலபம். வீட்டு வைஃபையை விட்டுவிட்டு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். சேர்ந்ததும் அமைப்புகள், வைஃபை, அந்த இணைப்பின் விவரங்கள் என்று போய் ‘லோ டேட்டா மோடு’ இயங்கினால் அணைத்துவிடுங்கள். பின்னணி இறக்கங்களை அது ஒத்திப்போடும். பிறகு அகராதிச் செயலியை முழுதாக மூடித் திறந்து, கமாண்டோடு காற்புள்ளியை அழுத்தினால் அமைப்புகள் வரும். ஆக்ஸ்ஃபோர்டு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஒன்றை மட்டும் முதலில் போடுங்கள், அது வந்த பிறகு அடுத்தது. செயலியை மூடாமல் பத்து நிமிடம் பொறுங்கள்.

உங்கள் இன்னொரு பயத்துக்கு வருகிறேன். நீங்கள் ‘அகராதி’ என்று சொல்வது மூன்று வெவ்வேறு பொருள்கள். மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன. இறங்கி வரும் ஆக்ஸ்ஃபோர்டு வகையறா ஒன்று. நண்பர் கொடுத்த லெக்சிகன் உங்கள் சொந்த லைப்ரரிக்குள் டிக்‌ஷனரீஸ் கோப்புறையில் இருக்கும். பிழை காட்டாமல் இருக்க நீங்கள் கற்றுக்கொடுத்த பெயர்களோ அதே லைப்ரரிக்குள் ஸ்பெல்லிங் என்ற கோப்புறையில், லோக்கல்டிக்‌ஷனரி என்ற ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில், வரிக்கு ஒரு சொல்லாக இருக்கும். மேம்படுத்தல் உங்கள் சொந்த லைப்ரரியைத் துடைத்துவிட்டுப் போவதில்லை.

ஃபைண்டரில் ‘கோ’ மெனுவைத் திறந்து ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டால் லைப்ரரி என்ற பெயர் தெரியும். உள்ளே போய் இரண்டு கோப்புறைகளையும் பாருங்கள். இருந்தால் முதல் வேலையாக ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் உங்கள் பல வருட உழைப்பு. ஆக்ஸ்ஃபோர்டு போனால் திரும்ப இறக்கலாம், அதை யாரிடமிருந்தும் இறக்க முடியாது.

---

தறிக்காரன் – சனி, காலை 8:15

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அகராதி வரவில்லை. ஆனால் என்னுடையது அலுவலகம் கொடுத்த மேக். வீட்டில் ஹாட்ஸ்பாட்டிலும் பார்த்துவிட்டேன், மாற்றம் இல்லை.

---

பழைய பவர்புக் – சனி, காலை 8:40

தறிக்காரன், அலுவலகக் கணினியில் நிர்வாக அமைப்பு எது இறங்கலாம், எது கூடாது என்று வரையறுத்திருக்கலாம். எப்போதும் ஓடும் விபிஎன் (இணையப் போக்குவரத்தை அலுவலகம் வழியாகத் திருப்பும் இணைப்பு) இருந்தால், ஹாட்ஸ்பாட்டில் இணைந்தாலும் போக்குவரத்து அலுவலக வழியாகத்தான் போகும். இதை நீங்களாகச் சுற்றிவளைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். கணினிப் பிரிவிடம் ‘ஆப்பிளின் அசெட் இறக்கம் தடைபடுகிறது’ என்று அந்தச் சொல்லையே எழுதிக் கேளுங்கள். அகராதி மாதிரி பின்னணியில் இறங்கும் கூடுதல் கோப்புகளுக்கு அதுதான் பெயர். ‘அகராதி வரவில்லை’ என்று எழுதினால் இணையத்தில் தேடிக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் வரும்.

---

கயல் – சனி, காலை 11:25

சார், வந்துவிட்டது!

முதலில் லைப்ரரியைப் பார்த்தேன். லோக்கல்டிக்‌ஷனரி இருக்கிறது. திறந்தால் நான் சேர்த்த பெயர்கள் எல்லாம் அகர வரிசையில் இறங்குகின்றன. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. உடனே நகல் எடுத்தேன்.

பிறகு ஹாட்ஸ்பாட். லோ டேட்டா மோடு இயங்கிக்கொண்டுதான் இருந்தது, அணைத்தேன். பிரிட்டிஷ் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மட்டும் டிக் எடுத்துப் போட்டேன். மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. தேநீர் போட எழுந்து போய்த் திரும்பினால் மேல்பட்டையில் அதன் பெயர் நிற்கிறது! அடுத்த இரண்டும் இன்னும் வேகமாக வந்தன.

காரணமும் தெரிந்துவிட்டது. தம்பிக்குப் போன் செய்து கேட்டேன். விளம்பரங்களைத் தடுக்க வீட்டில் ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கணினியை வைத்திருக்கிறான். எந்தக் கருவி ஓர் இணையதளத்தின் பெயரைக் கேட்டாலும் அதன் எண் முகவரியைச் சொல்லும் வேலை அதனுடையது. தடைப் பட்டியலில் உள்ள பெயருக்குச் சொல்லாது. அப்பாவின் ஐபேட் புதுப்பிப்பை இறக்கி மாத டேட்டாவைத் தீர்க்கிறது என்று, எம், இ, எஸ், யு என்று தொடங்கி ஆப்பிள் டாட் காம் என்று முடியும் ஒரு முகவரியை அவனே தடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறான். அப்போது எங்களுக்கு அளவுள்ள திட்டம்தான். இப்போது அளவில்லாத் திட்டத்துக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. பட்டியலை எல்லோரும் மறந்துவிட்டோம்.

லெக்சிகன் மட்டும் இன்னும் தெரியவில்லை. கோப்புறையில் இருக்கிறது.

---

பழைய பவர்புக் – சனி, பகல் 12:05

மிகவும் சந்தோஷம் கயல். அந்த முகவரிதான். புதுப்பிப்புகளின் பட்டியல் அங்கிருந்துதான் வருகிறது. ஐபேடு, ஐபோன் புதுப்பிப்பு அறிவிப்பை நிறுத்த அதை மறிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அகராதிகள் மாதிரியான கூடுதல் கோப்புகளின் பட்டியலும் அதே வாசலில்தான் கிடைக்கிறது என்பது தெரியாமல் செய்வது. தம்பியிடம் அதைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அகராதியை விடுங்கள், பாதுகாப்புத் திருத்தங்களே இத்தனை மாதமாக வீட்டில் எந்தக் கருவிக்கும் ஒழுங்காக வந்திருக்காது. அப்பாவின் ஐபேடை இன்றைக்கே புதுப்பித்துவிடுங்கள்.

லெக்சிகனுக்கு: அமைப்புகளில் அகராதிப் பட்டியலைக் கீழே வரை உருட்டுங்கள். டிக் இல்லாமல் எங்காவது நடுவில் கிடக்கும். பட்டியல் நீளம், கண்ணில் படாது. டிக் போட்டு, பெயரைப் பிடித்து மேலே இழுத்து வையுங்கள். நீங்கள் வைக்கும் வரிசையில்தான் பெட்டியிலும் வரும். டிக் போட்டும் திறக்கவில்லை என்றால் கோப்பைப் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும். நண்பர் பைகிளாசரி என்ற அகராதி மாற்றும் மென்பொருளை வைத்து மாற்றியிருந்தால் மூலக் கோப்பு அவரிடம் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அப்போதும் பொருள் வந்தால் அகராதி கணினிக்குள் வந்து சேர்ந்துவிட்டது என்று நம்பலாம்.

---

இளவெயில் – சனி, பகல் 12:30

சார், நல்லவேளை தடுத்தீர்கள். நான் அந்த வீடியோவைப் பார்த்து என் கணினியில் போன வருடமே பாதுகாப்பை அணைத்து வைத்திருந்தேன். இப்போது திரும்பப் போடலாமா? ஏதாவது கெட்டுவிடுமா?

---

பழைய பவர்புக் – சனி, பகல் 12:41

போட வேண்டும் தம்பி, இன்றைக்கே. அணைத்த அதே ரெக்கவரியில் திரும்பப் போடலாம். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. முன்னெச்சரிக்கையாக, மேக்கோடு வரும் டைம் மெஷினில் முழுக் கணினிக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

---

கயல் – சனி, மாலை 4:50

லெக்சிகன் கிடைத்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரியே பட்டியலின் நடுவில், டிக் இல்லாமல் இருந்தது. முதல் இடத்துக்கு இழுத்து வைத்துவிட்டேன். தம்பி பட்டியலைத் திருத்திவிட்டான். வீட்டு வைஃபையிலேயே புதுப்பிப்பு இப்போது சரியாகத் தேடுகிறது. அப்பாவின் ஐபேடும் இறக்கிக்கொண்டிருக்கிறது.

வைஃபையை அணைத்துவிட்டு ‘லியன்’ மேல் சுட்டியை வைத்து மூன்று விசைகளையும் அழுத்தினேன். பெட்டி விரிந்தது, பொருள் வந்தது. மீதி 26 பக்கம் இருக்கிறது, வேலைக்குத் திரும்புகிறேன். சார், இளவெயில், இருவருக்கும் நன்றி.